பெட்டிக்குள்ள பூந்த பல்லி

பையப் பைய வைங்க தம்பி. சாய்ச்சுப் போடாதீங்க, நிமுந்த வாக்குலயே இருக்கட்டும். இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை மூலனூர்லிருந்து தாராபுரம் வரைக்கும் பஸ்ஸுல மடியிலயே வெச்சுக் கொண்டாந்தனுங்க. பக்கத்துல உக்காந்தவரு, "ஏனுங், பேரனுக்குங்களா?"ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். எனக்குப் பேரன் ஏதுங்க. பேச்சை வளத்த வேண்டாம்னு சொல்லி வெச்சேன்.

தம்பி பேரு? ரியாசுங்களா. நல்லதுங்க. நான் குழந்தைவேலு. அங்காளம்மன் கம்ப்யூட்டர் ஜாதகம், திருமணத் தகவல் மையம்னு மூலனூர்ல யாரைக் கேட்டாலும் நம்ம ஊட்டைக் காட்டுவாங்க. நாந்தான் ஓனரு. என்ற புள்ள மேகலா கம்ப்யூட்டரைப் பாத்துக்கறா. வர்றவங்ககிட்ட நான் பேசுவேன், அவ தட்டுவா. ராசி, நட்சத்திரம், பத்துப் பொருத்தம் எல்லாம் அவளே போட்டு, பிரிண்டு எடுத்து, நாலு மூலையிலயும் மஞ்சத் தடவிக் கையில குடுத்துருவா. எரநூறு கண்ணாலத்துக்கு மேல அமைச்சுக் குடுத்திருக்கறனுங்க. எல்லாம் இந்தப் பெட்டியில பாத்ததுதான்.

கோளாறு ஒண்ணும் இல்லீங்க. நல்லா ஓடுது. உள்ள ஒரு சாமான் கெடக்குது, அதை எடுக்கோணும், அவ்வளவுதான்.

என்ன சாமானா? பல்லிங்க. பல்லி ஒண்ணு உள்ள பூந்துருச்சு.

எப்பவா? ரெண்டு வருசம் இருக்குமுங்க. சிரிக்காதீங்க தம்பி.

சரி, பல்லி இல்லீங்க. ஒரு பொட்டலம். கட்டை வெரல் மொத்தந்தான் இருக்கும். திருநீத்துப் பொட்டலம். இங்க பாருங்க, முன்னால ஓட்டையா வாயத் தொறந்துட்டு இருக்குதுல்ல, இந்த எடத்துல முன்ன சி.டி. போடறது ஒண்ணு இருந்துச்சு. அது கெட்டுப்போயிக் கழட்டுனதுலிருந்து இந்த எடம் காலி. நான் மூக்குப்பொடி மட்டையை இதுக்குள்ளதான் வெப்பேன், கைக்குத் தோதா இருக்கும். அப்படி வெக்கறப்பத்தான் பொட்டலம் கை தவறி உள்ள போயிருச்சு.

ஒண்ணே ஒண்ணுங்க தம்பி. பத்தரமா எடுக்கோணும். பெட்டிக்கு என்ன ஆனாலும் பரவால்லீங்க, பொட்டலம் கிழியக் கூடாது. எடுத்ததும் அப்படியே என்ற கையில குடுத்துரோணும். நீங்க பிரிச்சுப் பாக்கக் கூடாது. என்ற புள்ள போன் பண்ணிக் கேட்டா, தூசி தட்டுனேன்னு மட்டும் சொல்லுங்க. பொட்டலம்ங்கற வார்த்தையே வரக் கூடாது.

என்னங்க, அதுக்குள்ள பட்டனை அமுக்கறீங்க? வயர்தான் எதும் சொருகலையே. ஓகோ, வயரைப் புடுங்குன பொறகும் உள்ள மிச்சக் கரண்டு நிக்குமா. அதை வடியவிடோணுமா. சரி சரி, அமுக்குங்க. அந்த இரும்பு அலமாரியைத் தொட்டுட்டு வந்து தொடறீங்களே, அது எதுக்குங்க? நம்ம ஒடம்புல இருக்கற கரண்டே அதைச் சுட்டுப்போடுமா! நல்லா இருக்குதே. நான் இதுக்குள்ள என்னென்னவோ உட்டு நோண்டியிருக்கறனுங்க.

ஆமாங்க. ஊதுபத்திக் குச்சி உட்டுப் பாத்தேன். கொடிக் கம்பியை வளைச்சு உட்டுப் பாத்தேன். குச்சி நுனியில பலாப்பிசினை அப்பி உட்டேன், குச்சி உள்ளயே ஒட்டிக்கிச்சு, பொட்டலம் வல்ல. ஒரு நா அவ சந்தைக்குப் போன நேரம் பாத்து, பெட்டியைத் தலைகீழாத் தூக்கி மொறத்துல பொடைக்கற மாதிரி ஆட்டிட்டு இருந்தேன். பை மறந்துட்டேன்னு திரும்பி வந்துட்டா. வாசப்படியில எவ்வளவு நேரமா நின்னாளோ தெரியல.

"என்னங்கப்பா பண்றீங்க?"ன்னா.

"பல்லி பூந்துருச்சு கண்ணு"ன்னேன். வாயில வந்தது அதுதான்.

பையை எடுத்துட்டுப் போயிட்டா. அன்னையிலிருந்து அப்பப்பக் கேப்பா. சோறு போடறப்ப, வெளக்கு வெக்கறப்ப, திடீர்னு, "பல்லி வெளிய வந்துச்சுங்களாப்பா?"ன்னு கேப்பா. "இன்னும் வல்ல கண்ணு"ன்னு நானும் சொல்லுவேன். ரெண்டு வருசமாக் கேட்டுட்டு இருக்கறா தம்பி. ஒரு வாயில்லாப் பல்லிக்குப் போயி அத்தனை எரக்கம் யாரு படுவாங்க?

நேத்து சாயந்தரம் வந்து சொன்னா. "இந்தக் கம்ப்யூட்டரைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கப் போறனுங்கப்பா. நாளானிக்கு வந்து தூக்கிக்குவாங்க. நாளைக்குக் காலையில தாராபுரம் கொண்டுபோயி, பஸ் ஸ்டாண்டு மாடியில ஒரு கடை இருக்குது, தொறந்து தொடச்சு வாங்கிட்டு வந்துருங்க. உள்ள உங்க சாமான் எதாச்சும் இருந்தா எடுத்துக்கோங்க"ன்னா. என்ற சாமான்னா, நான் சேத்து வெச்ச ஜாதகமெல்லாம் உள்ள இருக்குதில்லீங்களா, அதைச் சொல்றா. எனக்கு நெனப்பெல்லாம் பொட்டலத்து மேல. பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாரு இதைத் தொறந்து, பொட்டலத்தை எடுத்துட்டு வந்து, "இது உங்களுதுங்களா அம்மணி?"ன்னு அவ கையில குடுத்தா? ராத்திரி பூராப் பொரண்டுட்டே கெடந்தேன். விடிஞ்சதும் மொதல் வேலையா இதைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

அவளுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிட்டா. மடியில வெச்சுக்கறது, நோட்டுப் புஸ்தகமாட்ட மடக்கிக்கலாம். எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போலாமுங்கப்பான்னா. ஊட்டுல உக்காந்திருக்கறவளுக்கு எதுக்குங்க தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர்? கேட்டேன். சிரிச்சுக்கிட்டா. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எல்லாம் ஒரு ஆசை.

என்னங்க தம்பி? ஸ்க்ரூ லூசா இருக்குதா? கையிலயே கழலுதா? நாலுல ஒண்ணு வேற மாதிரி இருக்குதா. கடைக்காரன் மாட்டறப்பவே அப்படி மாட்டியிருப்பான். நீங்க ஏன் கழட்டறதை நிறுத்திட்டீங்க?

திருநீத்துக்கு எதுக்கு இத்தனை பயம்னு கேக்கறீங்க. நல்லாக் கேக்கறீங்க தம்பி. போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க.

சரி. சொல்றேன். ஊர்க்காரன் எவன்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க யாரோ, நான் யாரோ. இந்தப் படிக்கட்டை விட்டு எறங்குனா அதோட முடிஞ்சுது.

எங்க பக்கத்துல ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமான்னு கொழப்பம் வந்தா சாமிகிட்டப் பூக் கேப்போமுங்க. ரெண்டு பொட்டலம் மடிக்கறது. ஒண்ணுல வெள்ளைப் பூ, ஒண்ணுல செவப்புப் பூ. எது எதுன்னு தெரியாம ஒரே மாதிரி மடிச்சு, சாமி முன்னால போட்டுக் கும்பிட்டுட்டு, ஒண்ணை எடுக்கோணும். வெள்ளை வந்தா சாமி சரின்னுருச்சு. செவப்பு வந்தா வேண்டாம்னுருச்சு. அதுக்கு மேல பேச்சு இல்லை. உள்ள கெடக்கறது அந்தப் பூப் பொட்டலத்துல ஒண்ணுதானுங்க.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, தை மாசம். ஓசூர்ல கம்பெனியில வேலையா இருக்கற ஒருத்தரு, மதிவாணன்னு பேரு, தங்கச்சிக்குப் பொருத்தம் பாக்க நம்ம ஊட்டுக்கு வந்தாரு. தங்கச்சிக்கு ஒரே வாரத்துல அமைஞ்சுது. அதுக்கப்பறமும் வந்துட்டு இருந்தாரு. ஒரு எழுத்து மாறியிருக்குதுங்க, திருத்திக் குடுங்கம்பாரு. நானும், பாவம், பொறுப்பான அண்ணன்னு நெனச்சு டீ வாங்கிக் குடுப்பேன்.

ஒரு நா மேகலா ரெண்டு ஜாதகத்துக்குப் பொருத்தம் போட்ட காயிதத்தைக் கொண்டாந்து என்ற முன்னால வெச்சா. "இது எப்படீன்னு பாருங்கப்பா"ன்னா. பாத்தேன். பத்துல ஒம்பது. ராசி பொருந்துது, ரஜ்ஜு பொருந்துது. "அருமையா இருக்குதே கண்ணு, கண்ணை மூடிட்டுக் கட்டி வெக்கலாம், யாரு ஊட்டு ஜாதகம்?"னு கேட்டேன்.

"ஒண்ணு அவருதுங்கப்பா. இன்னொண்ணு என்னுது"ன்னா.

எரநூறு கண்ணாலம் பண்ணி வெச்சவன், சொந்தப் புள்ள ஜாதகத்தை அடையாளந் தெரியாமப் போச்சுங்க. ரொம்ப வருசமா எடுத்துப் பாக்கலையா, அதனால. அவளுக்கு அப்ப முப்பத்தொண்ணு. பாக்கக் கூடாதுன்னு இல்லீங்க. ஊராரு ஜாதகம் பாக்கவே பொழுது பத்தல.

அவ அம்மா சரசு போயிப் பதினோரு வருசம். சோறு, துணி, சர்க்கரை மாத்திரை, தொழிலு, எல்லாம் அவதான். அவ ஓசூர் போயிட்டா நான் யாரை நம்பி இருக்கறது? சொல்லுங்க. எனக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி வெக்கத் தெரியாது அப்ப. அவளும் அங்க போயிக் கஷ்டந்தான படுவா? ஓசூர்ல குளுரு. இவளுக்கு மூக்கடைப்பு. பெத்தவன் இதையெல்லாம் யோசிக்காம யாரு யோசிப்பா?

ஆனா வாயால வேண்டாம்னு சொல்ல முடியல தம்பி. ஒம்பது பொருத்தம்னு நானே சொல்லிட்டேன். என்ற வாயாலயே மாட்டிக்கிட்டேன். "எதுக்கும் சாமிகிட்டப் பூக் கேட்டுரலாம் கண்ணு"ன்னேன். சரிங்கப்பான்னா. மொகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குச் சாமி மேல அத்தனை நம்பிக்கை.

காலண்டர்ல அன்னைக்குத் தாளைக் கிழிச்சு, ரெண்டாக்கி, நாந்தான் மடிச்சேன். அரளிப் பூ. அதுல பாருங்க, எங்க ஊட்டு வேலியில செவப்பரளிதான் இருக்குது. வெள்ளை அரளி கோயில் வாசல்லதான். போகோணும்னுதான் நெனச்சேன். செருப்பைக் கூடப் போட்டேன். வெயிலு. அதனால...

ஆமாங்க. ரெண்டுலயும் செவப்புத்தான்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. வெள்ளை கெடைக்கலீன்னு சொல்றனில்லீங்களா.

கெடைக்கலீன்னு இல்லை. கோயிலு எங்க ஊட்டுலிருந்து கூப்புடு தூரம். போகலை. அவ்வளவுதான். போதுமா?

கம்ப்யூட்டர் மேசைக்கு மேலதான் அம்மன் படம். ரெண்டு பொட்டலத்தையும் படத்துக்குக் கீழ வெச்சேன். அவ தலைக்குத் தண்ணி வாத்துட்டு வந்து, கண்ணை மூடி நின்னா. ரொம்ப நேரம் நின்னா. என்ன வேண்டுனாளோ. அப்பறம் ஒண்ணை எடுத்துப் பிரிச்சா. நான் அவ மொகத்தைப் பாக்கலீங்க, சாமி படத்தைப் பாத்துட்டு நின்னேன். சாமியையும் சரியாப் பாக்க முடியல.

"செவப்புங்கப்பா"ன்னா. அழுகல. "சாமி முடிவு கண்ணு, நம்ம கையில என்ன இருக்குது?"ன்னேன். பூவையே பாத்துட்டு இருந்தவ, "அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாக்கட்டுமாங்கப்பா? வெள்ளையைக் கண்ணுல பாத்துட்டு விட்டுர்றேன்"னா. "பாக்கக் கூடாது, சாமி குத்தம்"னு சொல்லிட்டு வெடுக்குனு அதை எடுத்துக்கிட்டேன். அந்நேரம் வாசல்ல யாரோ, "ஏனுங், ஜாதகம் பாக்கோணுமுங்க"ன்னு சத்தம் போட்டாங்க. அவ திரும்புனா. நான் பொட்டலத்தை இந்த ஓட்டைக்குள்ள தள்ளுனேன். பொறகு எடுத்துக்கலாம்னு நெனச்சேன். அது உள்ள சரிஞ்சு போயிருச்சு. எங்க அந்தப் பொட்டலம்னு கேட்டா. கெணத்துல போட்டுட்டேன்னேன்.

வந்தவங்களுக்கு ஒரு பையன் ஜாதகம் பாக்கோணுமாம். அவ உக்காந்து தட்டுனா. பிரிண்டு எடுத்து மஞ்சத் தடவிக் குடுத்தா. நல்ல எடமா அமையுமுங்கன்னு வாழ்த்தி அனுப்புனா. அப்படிப்பட்ட புள்ளைங்க அது.

அன்னையிலிருந்து இந்தப் பெட்டி கத்த ஆரம்பிச்சுருச்சு. கர்ருனு ஒரு சத்தம். பொட்டலம் காத்தாடிகிட்டப் போயி உரசுது. அவ பொத்தானை அமுக்குனா, நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். என்ற பேரைச் சொல்லிக் கத்தற மாதிரியே இருக்கும். மெக்கானிக்கைக் கூப்புட்டுப் பாக்கட்டுமாங்கப்பாம்பா. வேண்டாம், பழகிக்கலாம்பேன். ஊட்டை விட்டு ஒரு நா வெளியூரு போக மாட்டேன். நான் இல்லாதப்ப யாராச்சும் தொறந்துட்டா? இந்தப் பெட்டிக்கு நான் காவக்காரன் ஆயிட்டனுங்க. அவளை ஊட்டோட நிறுத்தி வெக்கப் போயி, ஊட்டோட கெடந்தது நாந்தான்.

போன வருசம் பங்குனி உத்தரத்துக்கு மட்டும் பழனிக்கு நடந்தேன். முருகா, இந்தச் சத்தத்தை நிறுத்துன்னு வேண்டிக்கிட்டுப் போனேன். அஞ்சு நா கழிச்சு வந்து பாத்தா, சத்தம் நின்னு போச்சு தம்பி! மெய்யாலுமே நின்னு போச்சு. பொட்டலம் அக்கட்டால நகந்து ஒதுங்கிருச்சாட்ட இருக்குது. முருகன் செஞ்சதுன்னு நெனச்சு அப்படியே நின்னுட்டேன்.

நான் வந்தப்ப மேகலாவுக்குக் காச்சல். கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. தனியா இருந்து பயந்துட்டா. ரெண்டு நா என்ற கூடப் பேசல. அதுக்கப்பறம் சரியாயிட்டா. கோயிலுக்குப் போறதை மட்டும் விட்டுட்டா. யாராச்சும் வந்து, பூக் கேட்டுட்டுச் சொல்றோமுங்கன்னா, "பூவை எதுக்குங்க கேக்கறீங்க, உங்க புள்ளையைக் கேளுங்க"ன்னு மொகத்துல அடிச்சாப்பல சொல்லிருவா. எனக்கு யாவாரம் கெட்டுப் போயிருமேன்னு சங்கட்டமா இருக்கும்.

மத்தபடி என்ற மேல முந்தியை விடப் பாசந்தான். இந்த ஒரு மாசமா எனக்குச் சமையல் சொல்லிக் குடுக்கறா தம்பி. ஆம்பளைகளும் தெரிஞ்சுக்கோணுமுங்கப்பான்னு நிக்க வெச்சுச் சொல்லித் தர்றா. ரசம் வெப்பேன் இப்ப. அரிசிக்கு எவ்வளவு தண்ணின்னு டம்ளர்ல கோடு போட்டுக் குடுத்திருக்கறா. மாத்திரை டப்பாவுல காலை, ராத்திரின்னு எழுதி ஒட்டி, ஆறு மாசத்துக்கு வாங்கி அடுக்கி வெச்சுட்டா. எந்தப் புள்ள இப்படிச் செய்யும்? ஓசூர்லிருந்து வேற ஓயாம ஜாதகம் கேட்டுப் போன் வருது. மாடியில போயி நின்னு ஒரு மணி நேரம் வெவரம் சொல்லுவா. ஓசூர்ல மட்டும் எப்படித்தான் இத்தனை பேரு கண்ணாலம் ஆகாம இருக்கறாங்களோ!

இன்னைக்குப் பாருங்க, ஒண்ணரை வருசங்கழிச்சுக் காலையில வெள்ளனே கோயிலுக்குப் போயிட்டு வந்தா. எனக்கு மனசு குளுந்து போச்சு. காலண்டர்லயும் இன்னைக்குத் தாளை அவளே கிழிச்சிருந்தா, நாளைத் தேதி தெரியுது. என்ன கண்ணு அவசரம்னு கேட்டேன். இந்தப் பெட்டியைத் துணி போட்டுத் தொடச்சுத் தயாரா வெச்சிருந்தா. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தா. "மெதுவா வாங்கப்பா, ஒண்ணும் அவசரமில்லை. வேலை முடியற வரைக்கும் அங்கயே உக்காந்து பாருங்க"ன்னா. பஸ்ஸு கெளம்பறப்ப என்ற கையைப் புடிச்சுட்டு விடவே இல்லை. கண்டக்டரு அதட்டுன பொறகுதான் விட்டா.

பெரிய பாவமா தம்பி நான் செஞ்சது? பாவந்தான். எனக்குத் தெரியாமலா இருக்குது. ஆனா அவளுக்குத் தெரிஞ்சா போயிருவா தம்பி. அதான் எனக்குப் பயம். வேற ஒண்ணுமில்லை. அவ போயிட்டா அந்த ஊட்டுல நான் எப்படி இருப்பேன்? அந்தப் பொட்டலத்தை எடுத்து வாயில போட்டு முழுங்கிட்டேன்னா, அதோட எல்லாம் முடிஞ்சுது. நீங்க மூடியைக் கழட்டுங்க.

ம். கழண்டுருச்சா. நான் பாக்க மாட்டேன், நீங்களே பாத்துச் சொல்லுங்க. இருக்குதா?

தூசியே இல்லையா? அதெப்படி? எட்டு வருசத்துப் பெட்டி. பிரஷு போட்டுத் தொடச்ச மாதிரி இருக்குதா. பலாப்பிசின் குச்சி? அதுவும் இல்லையா.

பொட்டலம் இருக்குதா! இருக்குதா! அப்பாடா. முருகா. காத்தாடிகிட்டத்தான கெடக்குது?

கெடக்கலையா. கட்டியிருக்குதா? எதுல? அந்தக் குறுக்குக் கம்பியிலயா? பூக்கட்டற நாருல முடிச்சுப் போட்டு... என்னங்க சொல்றீங்க, நான் எங்க கட்டுனேன்? தூக்கித் தள்ளுனேன், அவ்வளவுதான். பையப் பைய அவுருங்க. கத்தரி வேண்டாம். குடுங்க, குடுங்க.

ஆமா, இதுதான். இதே அளவுதான். காலண்டர்த் தாளுதான். மடிப்பு இறுக்கமா இருக்குது தம்பி, எனக்குப் பிரிக்க வல்ல. பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொன்னனில்ல, பரவால்லை, நீங்களே பிரிங்க.

வெள்ளை! தம்பி, வெள்ளைப் பூவு! பாத்தீங்களா, பாத்தீங்களா! நான் வெள்ளையுந்தான் வெச்சிருக்கறேன். ரெண்டு வருசமா நான்தான் ரெண்டும் செவப்புன்னு நெனச்சுப் பயந்து செத்துட்டு இருந்திருக்கறேன். அப்ப அவ எடுத்தது சாமி குடுத்ததுதான். என்ற மேல ஒரு தப்பும் இல்லை!

என்ன? வாடலையா?

வாடல. ஆமா. எதழெல்லாம் இன்னும் ஈரமாத்தான் இருக்குது. கோயில் அரளி கொஞ்சம் தாங்கும். ரெண்டு வருசம் தாங்காதுதான்.

தாள்ல தேதி என்ன போட்டிருக்குது? சும்மா சொல்லுங்க.

இன்னைக்குத் தேதிங்களா.

பின்னால எழுதியிருக்குதா? பேனாவுலயா? கண்ணாடியை ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். நீங்களே படிங்க தம்பி. சத்தமாப் படிக்க வேண்டாம்.

இன்னொருக்காப் படிங்க.

"பல்லியை நான் போன வருசம் பங்குனியிலயே எடுத்துட்டேனுங்கப்பா."

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் எழுதலையா? திட்டிக் கூட ஒரு வார்த்தை இல்லையா?

பங்குனியிலயே. அப்படீன்னா அதுக்கப்பறம் ஒண்ணரை வருசமா, "பல்லி வந்துச்சுங்களாப்பா"ன்னு சோத்தைப் போட்டுட்டே கேட்டாளே. நான் சொல்லுவேன்னு பாத்திருக்கறா. ஒரு நாளாச்சும் சொல்லுவேன்னு பாத்திருக்கறா தம்பி. நான் ஒவ்வொரு தடவையும், இன்னும் வல்ல கண்ணுன்னேன்.

மணி என்ன? பத்தே முக்காலா. மூலனூருக்கு ஈரோட்டு பஸ்ஸு பதினொண்ணு பத்துக்கு வரும். ஈரோடு போயிட்டா அங்கிருந்து ஓசூருக்கு எந்நேரமும் இருக்குது. இப்ப ஒரு காரைப் புடிச்சா, அவ பஸ் ஏறறதுக்குள்ள நான் போயிரலாம்.

போன் போட்டுத் தரட்டுமான்னு கேக்கறீங்க. வேண்டாமுங்க தம்பி. வெச்சிருங்க. போட்டா எடுத்துருவா. நெஞ்சு வலிக்குதுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஏறுன பஸ்ஸை விட்டு எறங்கி வந்துருவா. அவ கொணம் எனக்குத் தெரியும். என்ற கொணமும் தெரியும். அதனாலதான் வேண்டாமுங்கறேன். அந்தப் போனை எனக்கு எட்டாத எடத்துல வைங்க.

பூவை மட்டும் இந்தத் தாளுலயே மடிச்சுக் குடுங்க. நீங்க மூடியைப் போட்டு எல்லா ஸ்க்ரூவையும் நல்லா முடுக்கிருங்க, பள்ளிக்கூடத்துக்குப் போற பெட்டி. ஸ்டூலை இப்படி ஓரமாப் போட்டுக்கறேன், உங்களுக்கு எடைஞ்சலா இருக்க மாட்டேன். பதினொண்ணு பத்து தாண்டுனதும் சொல்லுங்க, எந்திரிச்சுக்கறேன். மெதுவா வாங்கப்பான்னுதான் சொல்லி அனுப்புனா.